ராஜா தலைக் காசு: ஆண்டைப் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள்

வணக்கம். மேசையில் என்ன இருக்கிறது என்று முதலில் காட்டிவிடுகிறேன். ஒரு சின்னத் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் தையல் நூல், அப்புறம் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்கள் ஏழு. நேற்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வந்தேன். வெள்ளிக்காகவே பழைய காசு வாங்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

கொலுசோ குத்துவிளக்கோ வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று ஒரு பங்கு போய்விடும். திரும்ப விற்கும்போது எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. காசில் அந்தக் கணக்கைத் தங்கசாலையே போட்டு வைத்திருக்கிறது. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ரூபாய் முதல் 1939 வரை ஒரே அளவு: ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம் வரும். விக்டோரியா ராணி, மொட்டைத் தலையோடு கிரீடம் இல்லாத எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், யார் தலை இருந்தாலும் இதே அளவுதான்.

ஆனால் அது அடித்து வெளிவந்த நாளின் எடை. இதோ, 1918 ரூபாய். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். ராஜாவின் அங்கியில் இருந்த பூவேலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, பாருங்கள். எத்தனை கை மாறியிருக்கும்! தராசில் 11.48. இதை 0.917-ஆல் பெருக்கினால் 10.53 கிராம் வெள்ளி. அதனால்தான் ‘காசுக்கு இவ்வளவு’ என்று சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை, ‘கிராமுக்கு எவ்வளவு’ என்று கேட்பேன். கால் ரூபாயில் இது இன்னும் முக்கியம். 2.92 கிராம் இருக்கவேண்டிய காசு 2.6-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது.

இதே 1918 காசைக் காட்டி ‘நூறு வருடப் பழசு, அபூர்வம்’ என்று விலை ஏற்றினார்கள். அபூர்வமே இல்லை. அந்த ஆண்டு பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் அடித்தன. முதல் உலகப்போரில் இங்கே வெள்ளி தட்டுப்பாடு வந்து, மக்கள் காகித நோட்டைக் கொடுத்து ரூபாய் கேட்டு வரிசை கட்டினார்கள். அமெரிக்கா 1918-ல் தனிச் சட்டமே போட்டு, தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கிக் கொடுத்தது. என் விரலில் இருக்கும் இந்த வெள்ளியில் கொஞ்சம் டாலராக இருந்து வந்ததாகவும் இருக்கலாம். நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, இப்போது ஆண்டு விஷயம். இது 1944, ஆறாம் ஜார்ஜ். எடை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வெள்ளி பாதிதான். 1940-ல் கலவையை மாற்றி, வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்து, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்த்தார்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதுதான் அடையாளம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் இருபது காசு ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் எட்டு இந்த ரகம். கிட்டத்தட்ட 39 கிராம் வெள்ளிக்கு நான் கொடுத்த பணம் போனதுதான். 1947 ரூபாய் வேறு, பின்னால் புலி இருக்கும். அது சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும், வெள்ளியே கிடையாது.

போலியைக் கண்டுபிடிக்கக் காந்தம் மட்டும் போதாது. ஜெர்மன் சில்வர் என்பது வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அது பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அதற்குத்தான் இந்த டம்ளர். தண்ணீரோடு தராசில் வைத்து பூஜ்யமாக்குகிறேன். அந்த 1918 காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுக்க முங்கும்படி தொங்க விடுகிறேன். 1.11 காட்டுகிறது. காசு விலக்கிய தண்ணீரின் எடை இது. 11.48-ஐ அதனால் வகுத்தால் 10.34, அதுதான் காசின் அடர்த்தி. சரியான வெள்ளி ரூபாய்க்கு இதுதான் வரவேண்டும். இதே எடையில் ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 1.11-க்குப் பதில் 1.3-க்கு மேல் காட்டியிருக்கும். காசைச் சுரண்ட வேண்டாம், ஆசிட் வேண்டாம்.

மாலையில் கோத்த காசுகளும் நிறைய வரும். இதில் மேலே வளையத்தை எடுத்த தழும்பு தெரிகிறதா? பற்றவைத்த இடத்தில் இருப்பது மட்டமான கலவை. வளையத்தோடு எடை போட்டு ரூபாயின் விலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்: 1911. ராஜாவின் மார்புச் சங்கிலியில் இருக்கும் யானை அந்த ஆண்டுக் காசில் பன்றி மாதிரி தெரிந்தது என்று எதிர்ப்பு வந்து, 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். அதைக் கிராம் விலைக்கு விற்றுவிடாதீர்கள். நான் இன்னும் ஒன்றைக்கூடக் கையில் தொட்டதில்லை. வாங்கும் ஒவ்வொரு ஐந்தாம் ஜார்ஜ் காசிலும் முதலில் ஆண்டைத்தான் தேடுகிறேன். நேற்றும் தேடினேன், இந்த ஏழில் இல்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன்.