முதல் வாய் தண்ணீருக்கு முன்னால்

எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து ஸ்லைடு பார்த்துப் பார்த்துக் களைத்திருப்பீர்கள், அதனால் நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ்களுக்கு என்ன பயிற்சி தர வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். என் கட்சி ஒன்றுதான்: நோயாளியின் கட்டிலருகே நின்று கையால் செய்து காட்டித் தேறாத எதையும் பயிற்சி என்று கணக்கில் எழுதக்கூடாது. சர்டிஃபிகேட் வாங்கி ஃபைலில் வைப்பதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு உதவும், அவ்வளவுதான்.

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கை கால் வராமல், வாய் கோணி ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். சி.டி. எடுத்தாயிற்று, டிரிப் போட்டாயிற்று, டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டம்மா டம்ளரில் காபியோடு வந்து, "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட பல்லுல படல சிஸ்டர், ஒரு வாய் குடிச்சா தெம்பா இருக்கும்" என்கிறார். விழுங்குகிற தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தக் காபி நுரையீரலுக்குப் போகும். புரையேறி இருமினால் நமக்குத் தெரிந்துவிடும், ஆனால் சிலர் இருமவே மாட்டார்கள், இரண்டு மூன்று நாள் கழித்து நிமோனியா வந்த பிறகுதான் விஷயமே வெளியே வரும். இதைத் தடுக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஆள் நன்றாக விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார வைக்க முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, இருமச் சொன்னால் இருமுகிறாரா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்து, பேசச் சொல்லி, குரல் கொழகொழவென்று மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த மாற்றத்தை ஒரு தடவையாவது நேரில் கேட்காதவருக்கு எந்தப் புத்தகமும் அதைப் புரியவைக்காது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில், சாண்டி மிடில்டன் என்ற செவிலியப் பேராசிரியர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நர்ஸ்கள் கவனித்தது மூன்றே மூன்று: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். ஒரு பகுதிப் பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், உட்காரவைத்து 'உங்கள் வார்டில் இதைச் செய்யவிடாமல் எது தடுக்கிறது' என்று பேசவும் வைத்தார்கள். மற்ற பிரிவுகளுக்கு வழிகாட்டுக் குறிப்பின் சுருக்கத்தை மட்டும் கொடுத்தார்கள், நமக்கு சர்க்குலர் வருகிற மாதிரி. 90ஆம் நாளில் இறந்துபோனவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்களும் சேர்ந்து, முதல் வகையில் 42 சதவீதம், சர்க்குலர் வகையில் 58. இத்தனைக்கும் புது மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

அடுத்தது, ஜி.சி.எஸ்., அதாவது ஆள் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று மார்க் போடுகிற கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் கொண்டுவந்தது, இப்போது அதிகபட்ச மார்க் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. நாம் கேஸ் ஷீட்டில் வெறுமனே 'ஜி.சி.எஸ். 10' என்று எழுதிவிட்டுப் போகிறோம். எந்தப் பத்து? மூன்றையும் பிரித்து எழுதினால்தான் அடுத்த ஷிஃப்டுக்கு எது இறங்கியது என்று தெரியும். தொண்டையில் டியூப் இருக்கிறவருக்குப் பேச்சில் 1 போடாதீர்கள், பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். கூப்பிட்டும் அசையாதவர் வலிக்கு அசைகிறாரா என்று பார்க்க நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம், விரல் நுனியில் அழுத்துவது, தோள்பட்டைத் தசையைப் பிடிப்பது, புருவ எலும்பின் பள்ளத்தில் அழுத்துவது, இவற்றைத்தான் 2014இல் திருத்திய முறை சொல்கிறது. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸும் சேர்ந்து நின்று ஒரு தடவை பார்த்தால், நீங்கள் போடும் மார்க்கும் நான் போடும் மார்க்கும் ஏன் வேறுபடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

பார்க்கின்சன் நோயாளி வேறு எதற்காகவோ அட்மிட் ஆகியிருந்தாலும், அவருடைய மாத்திரை நேரம் நம் ரவுண்ட்ஸ் நேரத்துக்காக மாறக்கூடாது. தள்ளிப்போனால் ஆள் விறைத்து, எழுந்திருக்க முடியாமல், சில சமயம் விழுங்கக்கூட முடியாமல் கிடப்பார். வாந்தி என்றதும் கை தானாகப் பெரினார்ம் ஊசிக்குப் போகும். அது டோபமினைத் தடுக்கிற மருந்து, பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோகிற ரசாயனமே அந்த டோபமின்தான், அதனால் இவர்களுக்கு ஆகாது. ஆர்டரிலேயே எழுதியிருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் அட்டெண்டர்கள். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலில் மேலே ஏற்றுவது, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது எல்லாம் அவர்கள்தான். வராத கையின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள், தோள்மூட்டு நழுவுகிறது, கை தேறி வரும்போது வலி தாங்காமல் நோயாளி பயிற்சியே செய்ய மாட்டேன் என்கிறார். ஆனால் எந்தப் பயிற்சிக்கும் அட்டெண்டரைக் கூப்பிடுவதே இல்லை!

பக்கவாத நோயாளிக்கு வீட்டில் செய்ய வேண்டிய மறுவாழ்வுப் பயிற்சியைக் குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள். இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை வைத்து அட்டெண்ட் என்ற ஆய்வில் அதைச் செய்து பார்த்தார்கள், 2017இல் முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான கவனிப்பைவிடப் பலன் கூடவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போட வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய வேலையை மருமகள் தலையில் கட்டிவிட்டு மறுவாழ்வு கொடுத்தாயிற்று என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, பேசியது போதும். பக்கத்து அறையில் இரண்டு கட்டிலும் தண்ணீரும் ஸ்பூனும் வைத்திருக்கிறோம், விழுங்குவதையும் பரிசோதிக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் காத்திருக்கிறார். ஆறு ஆறு பேராக வாருங்கள். ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள், தேறாதவர்கள் மறுபடி வரிசையில் நிற்கலாம். வெளியே நிற்கிற அட்டெண்டர்களையும் யாராவது உள்ளே கூப்பிடுங்கள்.