ஒரே நேரம் என்பது யாருடைய நேரம்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்துதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்டதில்லை. உடனிகழ்வின் சார்புத்தன்மைக்குள், அதாவது இரு நிகழ்வுகள் 'ஒரே நேரத்தில்' நடந்தனவா என்பது பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து மாறும் என்ற கருத்துக்குள், நுழைய அதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை. அது என்ன, எப்படிப் பிறந்தது, நம் கைப்பேசியின் வழிகாட்டியில் எங்கே இருக்கிறது என்னும் மூன்றையும் இன்று பேச எண்ணியுள்ளேன்.

ஓடும் ரயிலின் இரு முனைகளிலும் மின்னல் விழுந்து, தண்டவாளத்தில் தடம் பதிக்கிறது என்று கொள்வோம். அத்தடங்களின் சரிநடுவில் தரையில் நிற்பவரை இரு ஒளிகளும் சேர்ந்தே வந்தடைகின்றன. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன என்கிறார். ரயிலின் நடுவில் இருப்பவரோ முன்முனை ஒளியை முதலில் பெறுகிறார். அவருக்கும் இரு முனைகள் சம தூரத்தில்தான் உள்ளன, அவருடைய குறிப்பாயத்திலும், அதாவது அவரோடு சேர்ந்து நகரும் அளவீட்டுச் சட்டகத்திலும், ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான் என்பதால், முன்முனை மின்னலே முந்தியது என்கிறார். இதை ஒளி தாமதமாக வருவதால் நேரும் மயக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தத் தாமதத்தைக் கழித்த பிறகும் வேறுபாடு நீடிக்கிறது. தீர விசாரித்தாயிற்று, இருவர் கூற்றும் மெய்! 300 மீட்டர் ரயில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடினால், வேறுபாடு ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. காரணமும் விளைவும் மட்டும் எவருக்கும் முறை மாறுவதில்லை.

இது பிறந்த கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1905இல் ஐன்ஸ்டைனுக்கு வயது 26. பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணி. ஒளியின் வேகம் எல்லோருக்கும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று ஏறத்தாழ ஓராண்டு திணறியவர், ஓர் அழகிய நாளில் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி விவாதித்தார். மறுநாள் போனபோது நலம்கூட விசாரிக்காமல், நன்றி, சிக்கல் முழுவதும் தீர்ந்தது என்றாராம். நேரம் என்ற கருத்திலேயே விடை இருந்தது. ஐந்தே வாரங்களில் கட்டுரை உருவாகி, ஜூன் 30 அன்று 'அன்னாலென் டெர் ஃபிசிக்' இதழை எட்டியது.

இக்கதை நமக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1922 டிசம்பரில் கியோட்டோவில் அவர் எழுத்துப்படி இல்லாமல் ஜெர்மனில் பேசியதை, இயற்பியலாளர் இஷிவாரா ஜப்பானிய மொழியில் குறித்து வைத்தார். தாய்மொழியில் எடுத்த குறிப்பு உலகுக்கே ஆவணமாயிற்று! 1920இல் சக இயற்பியலாளர் மேகநாத் சாகாவுடன் சேர்ந்து சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலமாக்கிய சத்யேந்திரநாத் போஸும், 1948இல் வங்கமொழியில் அறிவியல் வளர்க்க ஒரு பரிஷத்தையே நிறுவினார். 'குறிப்பாயம்' என்ற அருமையான சொல்லைப் பள்ளிப் பாடநூலில் கற்ற நம் மாணவன், கல்லூரியில் அதைக் கைவிட நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டதை மனப்பாடம் செய்யலாம்; தீர விசாரிக்கத் தன் மொழி வேண்டும்.

கைப்பேசி வழிகாட்டியைப் பற்றிப் பேச நேரம் இடம் தரவில்லை. தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அந்த 1905ஆம் ஆண்டுக் கட்டுரையை ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்க, இயற்பியலாரும் மொழியறிஞரும் இணைந்த குழுவொன்றை இந்த அரங்கிலேயே அறிவிக்க வேண்டுகிறேன். அதற்கு என் உழைப்பை இன்றே எழுதித் தருகிறேன். வணக்கம்.