உப்பளத்துச் சிவப்பும் வயல் சேறும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வேதாரணியம் உப்பளங்களில் அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சமையலுப்பு படியத் தொடங்குகிறது. கருவாட்டையும் ஊறுகாயையும் கெடாமல் காப்பது இத்தகைய உப்புச் செறிவுதான். செல்லுக்கு வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியேறிவிட, நுண்ணுயிர் வற்றிச் செயலிழந்துபோகிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். ஆயினும், உப்பு விளையும் தறுவாயில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. அந்நிறம் உயிர்கள் அங்கே பெருகியிருப்பதன் அடையாளம்.

நிறத்தில் ஒரு பங்கு டூனலியெல்லா என்னும் பாசியுடையது. அது கிளிசராலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு நீரிழப்பைத் தடுத்துக்கொள்கிறது. எனக்கு அதைவிட வியப்பளிப்பது, அதே நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் கையாளும் வழி. அது உப்பைத் தடுக்க முயல்வதே இல்லை; வெளியிலுள்ள செறிவுக்கு ஈடாகப் பொட்டாசியம் உப்பைத் தன் செல்லுக்குள் நிரப்பிக்கொள்கிறது. பிற உயிர்களின் புரதங்கள் அவ்வளவு உப்பில் பெரும்பாலும் உருக்குலைந்துவிடும். இதன் புரதங்களோ உப்பு குறைந்தால்தான் உருக்குலைகின்றன. நாம் குடிக்கும் நன்னீரில் விட்டால் இதன் செல் வெடித்துச் சிதறிவிடும். ஐப்பசி மழை நமக்கு வாழ்வு, இதற்கு ஆபத்து. ஆகவே, கடுமையான சூழல் என்று நாம் சொல்வது நம் உடலை அளவுகோலாகக் கொண்டு சொல்வதே.

பெயர் எப்படியிருந்தாலும் ஹாலோபாக்டீரியம் பாக்டீரியா அன்று. ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தது. 1977இல் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் அறிவியலாளர்கள், செல்லில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு இப்பிரிவை அடையாளம் காட்டியபோது முதலில் அதில் இடம்பெற்றவை மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள்.

அவற்றைத் தேடி உப்பளம் வரை போகவேண்டியதில்லை. நடவு முடிந்து நீர் கட்டிய வயலில், சேற்றிலுள்ள ஆக்சிஜனை மற்ற நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜனே நஞ்சாகும் மீத்தேன் ஆர்க்கியாக்கள் அதன் பிறகுதான் தலையெடுக்கின்றன. மட்கும் தாள், வேர் முதலியவற்றிலிருந்து பிறர் பிரித்துப்போட்ட ஹைட்ரஜனையும் அசெட்டேட்டையும் கொண்டு அவை மீத்தேனை உண்டாக்குகின்றன. சேற்றில் கால் வைக்கும்போது எழும் குமிழிகளில் அவ்வாயு உண்டு. ஆனால் பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளிருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. மீத்தேன் புவியைச் சூடாக்கும் வாயு என்பதால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறைக்கு இப்போது புதிய காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: வயல் காயும் நாள்களில் மண்ணுக்குள் காற்று புகுந்து, இந்த ஆர்க்கியாக்களின் வேலையை நிறுத்திவைக்கிறது.