டவர் யார் கையில்?

(கொடைக்கானல் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பல நாடுகளில் பத்திரிகைகளும் டிவி சேனல்களும் வைத்திருந்த ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொடைக்கானல்காரர்களுக்கு அவரைப் புரிய வைப்பது சுலபம். ஒரு காலத்தில் மதுரை, தேனிப் பக்கமெல்லாம் தூர்தர்ஷன் தெரிந்தது நம் மலை டவரால்தான். கீழே மொட்டை மாடிகளில் ஆன்டெனாவை இந்தத் திசைக்குத் திருப்பி, "தெரியுதா, தெரியுதா?" என்று கத்துவார்கள். நிகழ்ச்சி சென்னையில் தயாரானாலும் அது போகிற வழி இங்கே இருந்தது. மர்டாக் ஆயுள் முழுக்க வாங்கிச் சேர்த்தது அந்த வழியைத்தான்.

1931இல் மெல்போர்னில் பிறந்தவர். 1952இல் தந்தை இறந்தபோது அடிலெய்டில் ஒரு பத்திரிகை கைக்கு வந்தது. அப்புறம் லண்டன்: 1969இல் 'தி சன்', 1981இல் 'தி டைம்ஸ்'. தொழிற்சங்கம் என்றாலே ஆகாது. 1986இல் வேலைநிறுத்தம் செய்த சுமார் 5,500 பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்.

1996இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ். வழக்கமாகக் கேபிள்காரர்தான் சேனலுக்குப் பணம் கட்டுவார். மர்டாக், சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்று கேபிள் நிறுவனங்களுக்குத் தானே கொடுத்தார். முதலில் வீட்டுக்குள் நுழைய வேண்டும், கருத்தெல்லாம் பிறகு!

கொள்கைப் பிடிப்பு உள்ளவரா? வியாபாரம் இடிக்காத வரைக்கும். புதிய தொலைத்தொடர்பு சர்வாதிகார அரசுகளுக்கு ஆபத்து என்று 1993இல் முழங்கினார். சீனா டிஷ் ஆன்டெனாவுக்குத் தடை போட்டது. மறு ஆண்டே சீனாவுக்குப் போகும் தன் ஸ்டார் டிவி ஒளிபரப்பிலிருந்து பிபிசியைத் தூக்கிவிட்டார். தொழிற்சங்கம் ஆகாதவரின் 'தி சன்', 1997 பிரிட்டன் தேர்தலில் தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற தொழிற்கட்சிக்கே ஆதரவு தந்தது.

அதே ஸ்டார் 2001இல் நம் விஜய் டிவியை வாங்கியது. 2019இல் டிஸ்னி கைக்குப் போகும்வரை, நாம் சிரித்துப் பார்த்த நிகழ்ச்சிகளுக்கு எல்லாருக்கும் மேலே இருந்த முதலாளி அவர்தான். நம்மிடம் அவர் அரசியல் பேசவில்லை. அமெரிக்காவில் பேசினார், விலையும் கொடுத்தார். 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, 2023இல் அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் கட்டிய தொகை 78.75 கோடி டாலர்.

அந்த ஆண்டே தலைமையை மகன் லாக்லனிடம் ஒப்படைத்தார். தனக்குப் பின் தன் ஊடகங்களின் வலதுசாரிப் போக்கு மாறிவிடக் கூடாதென்று, சொந்தப் பிள்ளைகளோடே நீதிமன்றம்வரை போனார். 2025இல் சமரசம்: ப்ரூடன்ஸ், எலிசபெத், ஜேம்ஸ் மூவருக்கும் தலா 100 கோடி டாலருக்கு மேல், நிர்வாகம் லாக்லனுக்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.