தடைக்காலமும் பிரீமியமும்: கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும், கட்டிய பணம் எப்போது திரும்பும்?

[காட்சி: காசிமேடு துறைமுகம். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள். நிழலில் உட்கார்ந்து வலை சரிபார்க்கும் கைகள்.]

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், இந்த விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுத் தொழிலாளி, ஐஸ் உடைக்கிறவர், ஏலம் எடுத்துக் கூடையில் விற்கிற அம்மா என்று எல்லார் வீட்டிலும் வரவு நின்றுபோகிற காலம். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் வேறு காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஆயுள் காப்பீட்டு நோட்டீஸும் வந்துவிடும்.

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் பாலிசி பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது உண்டு. முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "இந்த மாசம் கட்டலைன்னா பாலிசி போயிடுமா?"

உடனே போகாது. டியூ தேதிக்குப் பிறகும் சலுகைக் காலம் உண்டு. மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 15 நாள். மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று கட்டுகிறவர்களுக்கு 30 நாள். அதற்குள் கட்டினால் பாலிசி விட்டுப்போகாது.

[காட்சி: பழைய தகரப் பெட்டி. உள்ளே ரேஷன் அட்டை, பாலிசிப் பத்திரம்.]

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சலுகைக் காலத்துக்குள் பாலிசிதாரர் இறந்துவிட்டாலும் காப்பு உண்டு. என் சித்தப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டிருந்தார். டியூ தேதி தாண்டி 21ஆம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "கடைசியா கட்டல இல்ல, அப்ப வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தியும் அதை நம்பி, பத்திரத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். காரியம் முடிந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு, நாமினியாக அவரை விண்ணப்பிக்கச் சொன்னேன். பாக்கியிருந்த பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் தங்கச்சி படிப்பை முடித்தாள். விண்ணப்பிக்காமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அதனால்தான் இந்த வீடியோ.

சரி, சலுகைக் காலமும் தாண்டிவிட்டால்? பாலிசி லேப்ஸ் ஆகும், அதாவது காப்பு நின்றுவிடும், ஆனால் கதவு மூடிவிடாது. கட்டாமல் விட்ட முதல் தவணையின் தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். பங்குச் சந்தை போன்றவற்றில் பணத்தைப் போடுகிற யூலிப் வகைக்கு 3 ஆண்டு. பாக்கியை வட்டியோடு கட்டி, உடல்நிலை பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். சொன்ன விவரம் தவறு என்று கம்பெனி கேள்வி கேட்க 3 ஆண்டு அவகாசம் உண்டு. புதுப்பித்தால் அந்த 3 ஆண்டு புதிதாக எண்ணப்படும்.

மாதத் தவணை சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் தடைக்காலத்தில் இரண்டு தவணை வந்து விழும், கையில் 15 நாள்தான் இருக்கும். நம் பக்கத்து வரவுக்கு, மீன் நன்றாகப் படுகிற மாதத்தில் டியூ வருகிற மாதிரி ஆண்டுத் தவணையே நல்லது என்பது என் கருத்து. புதிதாக எடுக்கும்போதே ஏஜென்ட்டிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

[காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. துணிக்கடைக் கூட்டம்.]

அப்புறம், பணம் திரும்ப வருவது பற்றி. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எஃப்.டி. போட பேங்க்குக்குப் போனார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பத்து வருடப் பாலிசி. இது அடிக்கடி நடக்கிறது. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். ஃப்ரீ லுக் என்பார்கள். முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, இவ்வளவுதான் கழிப்பார்கள். கவர் வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி வையுங்கள். கடிதம் கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று யாராவது சொன்னால், அந்த 30 நாள்தான் கரைகிறது.

அந்த நாள் தாண்டினால் சரண்டர்தான், அதாவது பாலிசியை நடுவில் முடித்துப் பணம் வாங்குவது, அதில் கட்டியது முழுதாக வராது. வழக்கமான சேமிப்புப் பாலிசிகளில் முன்பு இரண்டு, மூன்று ஆண்டு கட்டியிருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். 2024 அக்டோபர் 1 முதல் வந்த புதிய விதிப்படி விற்கப்பட்டவற்றில், ஒரு முழு ஆண்டு பிரீமியம் கட்டி அந்த ஆண்டு முடிந்தாலே சரண்டர் தொகை உண்டு. அவசரமாகப் பணம் தேவையில்லை என்றால், சரண்டருக்கு முன் 'பெய்டு அப்' பற்றிக் கேளுங்கள். இருபது ஆண்டு கட்ட வேண்டிய 2 லட்ச ரூபாய் பாலிசியில் ஐந்து ஆண்டு கட்டி நிறுத்தினால், அது 50,000 ரூபாய் பாலிசியாகச் சுருங்கி முதிர்வு வரை நிற்கும். இறந்தால் மட்டும் பணம் தருகிற சாதாரண டேர்ம் பாலிசியில் மட்டும் திரும்ப எதிர்பார்க்காதீர்கள். அது சீட்டுக் கட்டுவது மாதிரி கிடையாது. அந்த வருடத்துக் காப்புக்கான விலை, அவ்வளவுதான்.

[காட்சி: கைபேசித் திரை. பணம் போனது, ரசீது வரவில்லை.]

யூபிஐயில் பணம் போய்விட்டது, ரசீது இல்லை. பதறி உடனே மறுபடி கட்டாதீர்கள். கடை, நிறுவனங்களுக்குக் கட்டியது நடுவில் நின்றுவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் பேங்க் தர வேண்டும். அப்பாவும் மகனும் ஒரே தவணையைத் தனித்தனியாகக் கட்டி இரண்டும் பதிவாகிவிட்டால், இரண்டு ரசீதோடு எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்த ரொக்கத்துக்கும் அன்றைக்கே கம்பெனி ரசீது கேளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பையில் இருக்கும் பணம் பாலிசியில் ஏறியதாகக் கணக்காகாது.

வரி பற்றி ஒரு வரி: தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை.

கம்பெனியிடம் எழுதியும் நடக்கவில்லையா? காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணுக்கு அழையுங்கள். ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

[காட்சி: பேங்க் பாஸ்புக். ஒரு வரியில் 436.00.]

கடைசியாக, பேங்க் கணக்கிலிருந்தே பிரீமியம் பிடிக்கிற ஆயுள் காப்பீடான பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பு 2 லட்சம். நம் பக்கம் ஒருவருக்கே இரண்டு மூன்று பேங்க் கணக்கு இருக்கும், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருப்பார். எத்தனை கணக்கில் பிடித்தாலும் கிடைக்கப்போவது 2 லட்சம்தான். கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும் என்று நம்ப முடியாது, விதியிலேயே அது இழப்பு என்று இருக்கிறது. பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்தப் பணம் பிடிப்பது மே கடைசி வாரத்தில், தடைக்காலத்தின் நடுவில். கணக்கில் காசு இல்லாமல் விட்டுப்போனால் மறுபடி சேரலாம், ஆனால் முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டுமே காப்பு.

சித்தி இப்போது தன் மகனுக்காக ஒன்று செய்கிறார். சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14. மறுநாள் தடை தொடங்கிவிடும். அன்று காலை கடைசியாக வந்த மீனை விற்ற காசில் 500 ரூபாயைத் தனியாக எடுத்து அந்த ஒரு கணக்கில் போடச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் வாங்கப் போகிறார்.