ஆண்டு எழுதிய பாறைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில், பிரான்சின் ஆளுகையில் இருக்கிறது ரீயூனியன் தீவு. அங்கே எரிமலையைக் காண விரும்புகிறவர்கள் விடியுமுன்பே புறப்பட்டுவிட வேண்டும். முற்பகலிலேயே மேகம் ஏறி மலையை மூடிவிடும். நான் போன அன்று, செடி கொடி அருகிப்போன கருஞ்சிவப்புச் சமவெளியைக் கடந்து, பாஸ் தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பை அடைந்தபோது வானம் தெளிவாக இருந்தது.

எதிரே 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. கூம்பாக ஓங்கி நிற்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவருக்கு அதன் தோற்றம் சற்று ஏமாற்றமே தரும். எளிதில் ஓடும் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவானதால், அது கவிழ்த்த கேடயம்போலப் பரந்து கிடக்கிறது. ஆனால் அந்த மலைக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலத்தட்டைத் துளைத்துத் தக்காணத்தின் கரும்பாறைகளைக் கொட்டிய அதே வெப்ப ஊற்றுத்தான் இன்று இந்தத் தீவின் அடியில் கனன்றுகொண்டிருக்கிறது என்பது புவியியலாளர் கருத்து. அஜந்தாக் குகைகள் குடையப்பட்டது அந்தத் தக்காணப் பாறையில்தான்.

பிற்பகலில் கிழக்குக் கரைச் சாலைக்கு இறங்கினோம். என்னைக் கேட்டால், சிகரத்தைவிட இந்தச் சாலையே பார்க்கத் தக்கது. குழம்பு கடலை நோக்கி ஓடிய இடங்களில் ஆண்டைக் குறித்த பலகைகள் நிற்கின்றன. சற்றுப் பழகிவிட்டால் பலகையே வேண்டியதில்லை. முதலில் சாம்பல் நிறப் பாறைப்பாசி, பிறகு இடுக்குகளில் பெரணி, வெகுகாலம் கழித்து மரம் என்று பாறையின் வயதைப் பசுமையே சொல்லிவிடுகிறது. 2007 ஏப்ரலில் இச்சாலையைத் துண்டித்த குழம்பு மிகத் தடிமனானது. பல ஆண்டுகள் கழித்தும் மழை விழுந்தால் அதிலிருந்து ஆவி எழுந்ததாம். அவ்வளவு குழம்பு வெளியேறியதால், சிகரத்துப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேலாக உள்வாங்கியது.

பொழுது சாயும் வேளையில் பிட்டோன் செயின்ட் ரோஸ் ஊரின் தேவாலயத்துக்குப் போனோம். 1977இல் வந்த குழம்பு அதன் வாசலைத் தொட்டு, இருபுறமும் பிரிந்து சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அதை அதிசயம் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதே குழம்பு அந்த ஊரில் பல வீடுகளை விழுங்கியது. அதன் பிறகு அந்தக் கோயில் எரிமலைக் குழம்பு மாதாவின் பெயரால் வழங்கலாயிற்று. சுவரை ஒட்டி அந்தக் கருங்குழம்பு இன்றும் உறைந்து கிடக்கிறது.