லாரி பட்டையும் லவ்லெஸ் கத்தியும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் அருவாள் அடிக்க எடுக்கும் இரும்பு பெரும்பாலும் லாரி பட்டைதான். ஓடித் தேய்ந்த லாரியின் ஸ்பிரிங் பட்டையைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, துண்டு போட்டு, கரியுலையில் காய்ச்சி அடிக்கிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் கப்பலில் வேலை பார்த்த ஓர் இளைஞர் நியூயார்க் கடை ஒன்றுக்குப் போய், ராண்டால் என்பவர் செய்த கத்தி வேண்டும் என்று கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அவருக்குப் பொறுமையில்லை. பழைய பேக்கார்டு கார் ஒன்றின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தானே ஒரு கத்தி அடித்துக்கொண்டார். அவர்தான் பாப் லவ்லெஸ். பின்னாளில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த அவருடைய பட்டறையிலிருந்து வந்த வேட்டைக் கத்திகளை உலகமெங்கும் உள்ளவர்கள் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2010-ல் அவர் காலமானார்.

அவர் தொடங்கியதும் நம் பட்டறையில் கிடப்பதும் ஒரே வகை இரும்பு. அதிலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போக அவரும் அவரைப் போன்றவர்களும் என்ன செய்தார்கள் என்பதை இன்று பார்க்கலாம்.

லவ்லெஸ் கத்தியில் முதலில் நுனியைப் பாருங்கள். முதுகுக்கோடு பிடியிலிருந்து நேராக வந்து, நுனிக்குக் கிட்டே மெல்லக் கீழே இறங்கும். ஆட்டுத்தோல் உரிப்பவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். நுனி மேல்நோக்கி இருந்தால் தோலுக்கு அடியில் கத்தியைச் செலுத்தும்போது குடலைக் குத்திவிடும், கறி பாழாகும். நுனி இறங்கியிருந்தால் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வடிவத்தை இவ்வளவு பரவலாக்கியவர் லவ்லெஸ்தான்.

அடுத்தது, பிடிக்குள் மறைந்து கிடக்கும் வால். இவர் கத்தியில் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடும், இரண்டு பக்கமும் கட்டை ஒட்டி ஆணி அறைந்திருக்கும். அலகின் அருகே முழுக் கனத்தில் இருக்கும் அந்த இரும்பு, பிடியின் கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். அதனால் பிடியின் பாரம் குறைந்து, கத்தி ஆள்காட்டி விரலின் மேல் நிறுத்தினாலே நிற்கும். சொல்ல எளிது, செய்வது கடினம். வாலை நேராகத் தட்டைத் தகட்டில் வைத்துத் தேய்த்தால் நடுப்பகுதி தேயாமல் ஓரங்கள் மட்டும் உருண்டுபோகும். அப்படி உருண்ட இரும்பின் மேல் கட்டை ஒட்டாது, மயிரிழை இடைவெளி விழும். திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் அந்த இடைவெளிக்குள் ஈரம் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே துருவேறிக்கொண்டே இருக்கும். ஆகையால் முதலில் சக்கரத்தால் வாலின் நடுவைக் குழித்துவிட்டு, சுற்றிலும் ஓரத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பிறகு தட்டைத் தகட்டில், கடைசிப் பக்கம் அழுத்தம் கொடுத்துத் தேய்த்தால் ஓரம் சமமாக இறங்கும். லவ்லெஸ் இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய சிவப்புத் தகடு வைப்பார். ஒட்டில் சிறு கோணல் இருந்தாலும் அந்தச் சிவப்புக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். தன் வேலையில் அவ்வளவு நம்பிக்கை இருந்தவர்தான் அப்படி வைக்க முடியும்.

1970-களில் அவர் 154சி.எம் என்ற துருப்பிடிக்கத் தயங்கும் உருக்குக்கு மாறினார். அதில் கரி, அதாவது கார்பன், சுமார் 1 சதவீதம், குரோமியம் 14, மாலிப்டினம் 4. சம்மட்டியே படாமல், தகட்டை வெட்டித் தேய்த்தே கத்தியாக்கும் முறைக்கு அவரால் மதிப்பு வந்தது.

நம் பட்டறைக்கு நெருக்கமானவர் என்றால் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன். சம்மட்டியையும் உலையையும் கடைசி வரை விடாதவர். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும் முன் பதம் ஏற்றுவதை, அதாவது காய்ச்சிய கத்தியை எண்ணெயில் தோய்த்து இறுக்குவதைச் சொல்லிவிட வேண்டும். கத்தி நன்றாக அமைவதும் வீணாவதும் அந்தச் சில நொடிகளில்தான்.

லாரி பட்டை போன்ற ஸ்பிரிங் உருக்கில் கரி சுமார் 0.6 சதவீதம் இருக்கும். அடிக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறத்தில் அடிக்கலாம். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மிஞ்சிக் காய்ச்சி, வெண்பொறி பறக்கும் அளவுக்குப் போனால் இரும்பு எரிந்துவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. அடித்து முடித்ததும் மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, காற்றிலேயே ஆறவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. அடித்தபோது இரும்புக்குள்ளே பருத்துப்போன நுண்மணிகள் இதனால்தான் பொடியாகும். நம் பட்டறைகளில் நேரமில்லை என்று பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். முறிந்த அருவாளின் முறிவில் சீனிக்கற்கண்டு போல் மினுமினுப்புத் தெரிந்தால் காரணம் அதுவே. நன்றாக ஆற்றிய இரும்பின் முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில், மாவு போல் இருக்கும்.

அரத்தால் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, மெலிக்கும்போது முழுக் கூரும் வைத்துவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுவைக்க வேண்டும். அதற்கும் மெலிந்தால் தோய்க்கும்போது வாய் பாம்பு போல் நெளியும், அல்லது விரிசல் விடும்.

தோய்ப்பதற்கான சூட்டை அறியக் காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல், 820 முதல் 840 டிகிரி வரை ஏற்ற வேண்டும். வெயிலில் நின்றால் இந்த நிறம் தெரியாது. அனுபவமுள்ள கொல்லர் உலையை இருட்டு மூலையில் வைத்திருப்பதும், தோய்ச்சலை அந்தி நேரத்துக்குத் தள்ளிப்போடுவதும் அதனால்தான். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் வாய்ப்பக்கத்தை இறக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நின்று சூட்டைச் சரியாக வாங்காது. தண்ணீரில் தோய்த்தால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருப்பது பின்னால் இறுகிப் பருக்கும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். அத்தோடு அந்தக் கத்தி முடிந்தது. தண்ணீருக்கே ஏற்ற இரும்பும் உண்டு, லாரி பட்டை அப்படிப்பட்டதில்லை.

தோய்த்த வாயில் அரம் வழுக்க வேண்டும். முதல் இழுப்பில் அரம் கடித்தால் உடனே மனம் தளர வேண்டாம். மேல்தோலில் கரி எரிந்துபோயிருக்கலாம். நாலு இழுப்பு இழுத்து, உள்ளே வழுக்குகிறதா என்று பாருங்கள். இப்போது கத்தி கண்ணாடி போல் இருக்கிறது, கீழே விழுந்தால் உடையும். ஒரு மணி நேரத்துக்குள் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். துலக்கிய இரும்பில் அப்போது வைக்கோல் நிறம் ஏறும். முதுகுக்கு மட்டும் இன்னும் சூடு காட்டி, மயில்கழுத்து நீலம் வரை கொண்டுபோகலாம். வாய் விறைப்பாக, முதுகு வளைந்து கொடுப்பதாக ஒரே கத்திக்குள் இரண்டு குணம் வந்துவிடும்.

அந்த இரண்டு குணத்தையும் எல்லார் முன்னாலும் மெய்ப்பிக்கச் சொன்னவர்கள் மோரனும் அவர் தோழர்களும். 1976-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை அமைத்தார்கள். அங்கே தேர்வுக்கு வரும் கத்தி, ஓர் அங்குலத் தடிமனுள்ள கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போது அதை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டித் துண்டாக்க வேண்டும். பிறகு தீட்டாமல், அதே வாயால் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸ் என்னும் இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், ஒடியக் கூடாது. கத்தி அங்கேயே வீணாகிவிடும். விற்பனைக்கு வைக்கும் கத்தியின் தரத்துக்காக ஒரு நல்ல கத்தியைப் பலி கொடுக்கும் இந்தத் தேர்வைக் காட்டிலும் நேர்மையான சான்றிதழ் வேறெந்தத் தொழிலில் இருக்கிறது?

மோரன் 1973-ல் ஒரு கண்காட்சியில் அலையலையாகக் கோடோடும் டமாஸ்கஸ் கத்திகளைக் கொண்டுவந்து வைத்தார். அதிகக் கரியுள்ள தகடும் நிக்கல் கலந்த தகடும் மாற்றி மாற்றி அடுக்கி, வெங்காரம் தூவி, வெண்மஞ்சள் சூட்டில் அடித்து ஒட்டுவது இன்றைய வழக்கம். ஏழு தகட்டை ஒட்டி ஐந்து முறை மடித்தால் 224 அடுக்கு. ஒரு மடிப்பில், சூட்டில் மேலே படியும் பொருக்கைச் சுரண்டாமல் விட்டாலும் அங்கே ஒட்டாது, கடைசியில் அமிலத்தில் தோய்க்கும்போது கருங்கோடாக வெளிப்படும். கோலம் அழகுதான். ஆனால் அடுக்கு கூடினால் வெட்டு கூடும் என்று நம்புவது தவறு. காய்ச்சக் காய்ச்ச அடுக்குகளுக்கிடையே கரி பரவிச் சமமாகிவிடும்.

பழைய டமாஸ்கஸ் வாள் வேறு. அது தென்னாட்டிலிருந்து போன உருக்குக் கட்டியில் அடித்தது. மூசை என்னும் மண்குப்பியில் மூடிக் காய்ச்சிய அந்த உருக்கில் கரி சுமார் 1.5 சதவீதம். மடிக்காமலே கோலம் வரும். புளோரிடாவில் லாடம் அடித்துவந்த ஆல்பிரட் பெண்ட்ரே, பேராசிரியர் வெர்ஹோவனோடு சேர்ந்து பல்லாண்டு முயன்று அதை மீண்டும் செய்துகாட்டினார். 0.01 சதவீதத்துக்கும் குறைவான வனேடியம் இருந்தாலே அந்தக் கோலம் வரும் என்று 1998-ல் எழுதினார்கள். நம் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டிமுனையும் கிடைத்தன. தாமிரபரணிக் கரையில் இரும்பு வேலை எவ்வளவு பழையது என்பதை அவற்றைப் பார்த்தே உணரலாம்.

பதத்துக்கு அடுத்தது கனம். வாய்க்குச் சற்று மேலே இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே வெட்டைத் தீர்மானிக்கும். பத்தமடையில் பச்சைக் கோரையை நீளவாக்கில் கிழிக்கும் கத்திக்கு அந்த இடம் கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதை வைத்து விறகு பிளந்தால் வாய் உதிரும். வெட்டருவாளுக்கு ஒரு மில்லிமீட்டராவது வேண்டும், பக்கங்கள் உப்பலாக இருப்பது நல்லது, மரத்தில் சிக்காமல் வெளியே வரும். மோரன் தம் கத்திகளுக்கு வைத்ததும் இதே உப்பல்தான். உடன்குடிப் பக்கம் பாளை சீவும் அருவாள் இரண்டிலும் சேராது. பாளையின் முகத்தை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், நசுக்கிவிட்டால் பதநீர் ஒழுங்காக வடியாது. பனையேறிகள் பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அதில் தீட்டுவது இந்தக் கூருக்காகத்தான்.

அருவாள் வாங்கப் போகிறவர்கள் ஒரு பித்தளைக் கம்பியை எடுத்துப் போகலாம், பென்சில் கனம் போதும். கம்பியை அசையாமல் வைத்து, தீட்டுகிற சாய்வில் வாயை அதன் மேல் அழுத்துங்கள். வாய் லேசாக வளைந்து, அழுத்தத்தை எடுத்ததும் பழையபடி நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை அதிகம், சில்லு பெயர்ந்தால் விறைப்பு அதிகம். முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து நேர்க்கோடா என்று பாருங்கள், பூண் ஆடுகிறதா என்று தட்டிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பொறி பறக்க அழுத்திப் பிடிக்கும்போது வாயோரத்தில் நீலம் ஓடினால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது. நீலம் ஏறிய அளவுக்கு இரும்பைத் தேய்த்து எடுத்தால்தான் பழைய வாய் கிடைக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நனைக்கச் சொல்லுங்கள். வெறும் விரலால் தொட முடியாத சூடு வாய்க்கு வரக் கூடாது.

வணக்கம்.